65 வாட் கேன் சார்ஜர்: உப்புக் காற்றுள்ள ஊரில் கொஞ்சம் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள்

நாகர்கோவில் மணிமேடை, செட்டிகுளம் பக்கத்து மொபைல் கடைகளில் 'கேன் சார்ஜர்' என்று கேட்டால் இப்போது உடனே எடுத்து வைக்கிறார்கள். காலியம் நைட்ரைடு (GaN) என்ற பொருளில் செய்த சிப் உள்ள சின்ன சார்ஜர் அது. மார்த்தாண்டம், தக்கலையிலும் கிடைக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். லேப்டாப்போடு வந்த பழைய 65 வாட் அடாப்டர் ஒயரோடு சேர்ந்து 300 கிராம் வரை வரும். இது 100 முதல் 130 கிராம்தான். இரண்டு யூஎஸ்பி சி போர்ட், ஒரு ஏ போர்ட், மடக்கும் பின் அல்லது நிலையான பின், விலை பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ரூபாய் வரை. இங்கே பார்ப்பது இந்த வகையை. ஒரு தனி பிராண்டை அல்ல.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். லேப்டாப்பையும் போனையும் ஒரே இடத்தில் சார்ஜ் போடுகிறவருக்குப் பணத்துக்கு ஏற்ற பொருள். போன் மட்டும் வைத்திருப்பவருக்கு 25 அல்லது 30 வாட் போதும், 65 எடுத்தால் மீதி சும்மா கிடக்கும். வாங்கும்போது 'இருப்பதிலேயே சின்னது எது' என்று கேட்பதுதான் குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் செய்யும் பெரிய தவறு. அது ஏன் என்பது அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

கேன் என்பது காலியம் நைட்ரைடு. காலியமும் நைட்ரஜனும் சேர்ந்த கூட்டுக் குறைக்கடத்தி. காலியம் தனியாக இருந்தால் 29.8 டிகிரியிலேயே உருகிவிடும். பங்குனி மதியத்தில் நாகர்கோவிலில் மேசைமேல் வைத்தால் பாதரசம் போல ஓடும். நைட்ரஜனோடு சேர்ந்து படிகமான பிறகு அது வேறு ஆள். அந்தப் படலத்தை வளர்ப்பதே ஏறத்தாழ 1,000 டிகிரிச் சூட்டில், சிலிக்கான் தகட்டின் மேல். நம் மணவாளக்குறிச்சிக் கருமணலில் தோரியமும் டைட்டானியமும் உண்டு, ஆனால் காலியம் அங்கிருந்து வருவதில்லை. பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்கும்போது உபரியாகக் கிடைப்பதுதான் காலியம். உலகத்துக்கு வேண்டியதில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்டில் அந்த நாடு ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது.

சிலிக்கானில் ஒரு எலெக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்க 1.12 எலெக்ட்ரான் வோல்ட் போதும். காலியம் நைட்ரைடுக்கு 3.4 வேண்டும். அதனால் மின்னழுத்தத்தைத் தாங்கும் திறன் மிக அதிகம். ஒரு சென்டிமீட்டருக்குச் சிலிக்கான் சுமார் 3 லட்சம் வோல்ட் தாங்கும் என்றால், இது சுமார் 33 லட்சம் தாங்கும். சார்ஜருக்குள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆகவே 650 வோல்ட் தாங்கும் அந்தச் சுவிட்சைச் செய்ய, மின்சாரம் கடக்கும் தூரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிடலாம். தூரம் குறைந்தால் தடையும் குறையும்.

இன்னொரு விசேஷம் உண்டு. காலியம் நைட்ரைடின் மேல் அலுமினியம் கலந்த காலியம் நைட்ரைடை 20 நானோமீட்டர் அளவுக்கு மெல்லியதாகப் படரவிட்டால், இரண்டும் தொடும் இடத்தில் எலெக்ட்ரான்கள் தாமாகவே ஒரு தாள் போலத் திரளும். வெளியிலிருந்து வேறு அணு எதையும் கலக்க வேண்டியதில்லை, படிகத்தின் மின்முனைவே அதைச் செய்துவிடும். அந்தத் தாளில் எலெக்ட்ரான்கள் மிகக் குறைந்த தடையோடு ஓடும். இதை வைத்து டிரான்சிஸ்டர் செய்யலாம் என்று 1993-ல் ஆசிஃப் கான் குழுவினர் காட்டினார்கள். ஒரே சிக்கல், இந்தத் தாள் சும்மா இருக்கும்போதே கடத்தும். எப்போதும் 'ஆன்' ஆக இருக்கும் சுவிட்ச் சார்ஜருக்கு ஆபத்து. அதனால் சுவிட்சைத் திறந்து மூடும் முனையான 'கேட்'டுக்கு அடியில் மக்னீசியம் கலந்த பி-வகைப் படலம் ஒன்றை வைத்து 'ஆஃப்' நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த கேட் மிக நுணுக்கமானது. 6 வோல்ட்டில் நன்றாகத் திறக்கும், பல வகைகளில் 7 வோல்ட்தான் எல்லை. பழைய சார்ஜர்களின் சுவிட்சான சிலிக்கான் மாஸ்ஃபெட்டின் கேட்டோ 20 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும். நல்ல கேன் சிப்புகளில் கேட்டை இயக்கும் டிரைவரையும் அதே உறைக்குள் வைத்திருப்பது இதனால்தான்.

பொருள் புதிது என்று நினைக்க வேண்டாம். வீட்டில் எரியும் வெள்ளை எல்இடி பல்புக்குள் நீல ஒளி தருவது இண்டியம் கலந்த இதே காலியம் நைட்ரைடுதான். அந்த நீல ஒளிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

சார்ஜரில் இதனால் என்ன லாபம்? பழைய அடாப்டரின் சுவிட்ச் நொடிக்கு 65,000 முதல் 1 லட்சம் தடவை திறந்து மூடும். கேன் சுவிட்ச் 1.3 லட்சத்தில் தொடங்கி சில வடிவமைப்புகளில் 5 லட்சம் வரை போகும். தடவை கூடக் கூட ஒவ்வொரு தடவையும் டிரான்ஸ்ஃபார்மர் சுமக்கும் ஆற்றல் குறையும், டிரான்ஸ்ஃபார்மரும் சிறுக்கும். சிலிக்கானில் இந்த வேகத்துக்குப் போனால் திறந்து மூடும் நேரத்திலேயே சூடு ஏறிவிடும். கேட்டில் ஏற்றி இறக்க வேண்டிய மின்னூட்டம் கேனில் சிலிக்கானுடையதில் பத்தில் ஒன்று அளவுதான்.

கணக்காகப் பார்ப்போம். 65 வாட் வெளியே கொடுக்கும் சார்ஜர் 88 சதவீதத் திறனில் ஓடினால் உள்ளே ஏறத்தாழ 9 வாட் சூடாகிறது. 93 சதவீதம் என்றால் 5 வாட். பெட்டி பாதி அளவு ஆனாலும் சூடும் பாதியாகிவிடுவதால் சமாளிக்க முடிகிறது. 'கேன் சூடே ஆகாது' என்று கடையில் சொல்வது சரியல்ல. வெப்பத்தைக் கடத்துவதில் காலியம் நைட்ரைடும் சிலிக்கானும் ஏறத்தாழ ஒன்றுதான். சூட்டை நன்றாகக் கடத்துவது சிலிக்கான் கார்பைடு, அது மின்வாகனங்களின் இன்வெர்ட்டரில் வருகிறது. முழுச் சுமையில் கேன் சார்ஜரின் மேல்புறம் 60 டிகிரி வரை போனால் பதற வேண்டாம். விரல் வைத்ததும் இழுத்துக்கொள்ள வைத்தாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ கழற்றுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் காலியம் நைட்ரைடாக இருப்பது ஒரே ஒரு சிப். நக அளவு கூட இராது. கரண்டை நேராக்கும் பிரிட்ஜ், 400 வோல்ட் மின்தேக்கி, டிரான்ஸ்ஃபார்மர், வெளிப்பக்க மாஸ்ஃபெட், ஃபியூஸ், போர்ட் எல்லாம் பழைய சரக்கு. கெட்டுப்போவது பெரும்பாலும் அவைதான், கேன் அல்ல. 65 வாட்டுக்கு 100 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு மின்தேக்கி வேண்டும். அது 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் ஆயுள் இரட்டிக்கும். 85 டிகிரியில் 8,000 மணி நேரம், 65-ல் 32,000. இருப்பதிலேயே சின்னப் பெட்டியில் இந்த மின்தேக்கியும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒட்டிக் கிடக்கும், சூடும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்.

நல்ல சார்ஜரில் உள்ளே சாம்பல் நிறத்தில் சிலிக்கோன் பசையை நிரப்பியிருப்பார்கள். சூட்டை உறைக்குக் கடத்துவது ஒரு வேலை. கடலோரத்துக்கு அதைவிடப் பெரிய லாபம், போர்டின் மேல் உப்பு ஈரம் படியாமல் அது மூடிவிடுகிறது. அந்தப் பசைதான் 20, 30 கிராம் கனத்தைக் கூட்டும். ஒரே வாட், ஒரே அளவில் இரண்டு சார்ஜரைக் கையில் வைத்துப் பாருங்கள். காதருகே குலுக்கும்போது ஏதாவது ஆடும் சத்தம் கேட்டாலோ, தட்டினால் வெற்றுப் பெட்டி போல ஒலித்தாலோ அதை விட்டுவிட்டுக் கனமானதை எடுங்கள்.

கனமானதுக்கு ஒரு தீமையும் உண்டு, அது சாக்கெட்டில் தெரியும். பல கேன் சார்ஜர்களின் பின் 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஐரோப்பிய வகை. நம் வீட்டு 6 ஆம்பியர் சாக்கெட் 5 மில்லிமீட்டர் பின்னுக்குச் செய்தது. சாக்கெட்டின் பித்தளைப் பிடி பத்து வருடம் பழசானால் இன்னும் விரிந்திருக்கும். 120 கிராம் பெட்டி முன்னுக்குத் தள்ளி நிற்கும்போது தலை கவிழும், பின்னின் மேல்முனை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். லேப்டாப் சார்ஜ் ஏறும்போது 'ட்ஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தால் அதுதான் காரணம். கழற்றிப் பாருங்கள். பின்னின் கழுத்தில் கடுகு அளவில் கருப்புப் புள்ளியும் அதைச் சுற்றி நீலம் பாய்ந்த வளையமும் இருந்தால் அங்கே பொறி பறந்திருக்கிறது. மணல்தாளால் தேய்த்துத் திரும்பச் சொருகுவது தீர்வாகாது. பூச்சு போய்விடும், உப்புக் காற்றில் சீக்கிரமே பச்சை படரும். சாக்கெட்டை மாற்றுங்கள், செலவு நூறு இருநூறுதான். இல்லையென்றால் இந்திய அளவில் தடித்த பின் உள்ள சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். சுவரில் ஆடுகிற மல்டி பிளக்கில் இதைத் தொங்கவிடவே கூடாது. அதைவிடப் படுக்க வைக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி நல்லது.

அடுத்தது கரண்டு. 230 வோல்ட் என்றால் மின்தேக்கியில் ஏறுவது அதன் உச்சமான 325 வோல்ட். 270-க்கு ஏறினால் 382. 300-க்குப் போனால் 424, அதாவது 400 வோல்ட் மின்தேக்கியின் எல்லை தாண்டிவிட்டது. கம்பத்தில் நியூட்ரல் கழன்றால் ஒரு ஃபேஸ் வீட்டுக்கு 400 வோல்ட் வரை வரலாம், உச்சம் 566. அப்போது மின்தேக்கி வெடிக்கும், ஃபியூஸ் போகும், கேன் சிப்பும் கூடவே போகும். இன்னொன்று, சிலிக்கான் மாஸ்ஃபெட் எல்லை தாண்டிய மின்னழுத்தத்தைக் கொஞ்ச நேரம் தானே விழுங்கிச் சூடாகித் தப்பிக்கும். கேனுக்கு அந்தக் குணம் கிடையாது. நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்துக்கு 750, 800 வோல்ட் தாங்கும்படி செய்திருப்பார்கள், அதற்கு மேல் மன்னிப்பில்லை.

உப்புக் காற்று அலுமினியக் கம்பி இணைப்புகளை அரிப்பதால் நியூட்ரல் கழலும் தொல்லை கடலோரத்தில் கூடுதல். மழையும் காற்றும் சேர்ந்தால் இன்னும் மோசம். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து பல நாள் இருட்டில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அப்படி நீண்ட நேரம் போன கரண்டு திரும்பி வரும்போது, முதல் பத்து நிமிடம் சார்ஜர் சுவரில் இருக்கக் கூடாது. விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிகிறதா, மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.

பெட்டியில் 'சர்ஜ் பாதுகாப்பு' என்று போட்டிருப்பது வேறு சங்கதி. அது வேரிஸ்டர் என்ற நாணயம் போன்ற உறுப்பு, சார்ஜர்களில் வழக்கமானது 300 வோல்ட் ஏசி வரை சும்மா இருக்கும் வகை. இடி மின்னலில் வரும் மைக்ரோ விநாடித் துள்ளலை அது தாங்கும். நியூட்ரல் கழன்று நிமிடக் கணக்கில் நிற்கும் 400 வோல்ட்டை அதனால் தாங்க முடியாது, எரிந்துபோகும். மிகச் சின்ன சார்ஜர்களில் இடம் இல்லாததால் அந்த வேரிஸ்டரையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. உண்மையான பாதுகாப்பு, மீட்டருக்கு அடுத்த டிபி பெட்டியில் ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் ரிலே. 270 வோல்ட் சுற்றி வெட்டும்படி எலெக்ட்ரீஷியனிடம் அமைக்கச் சொல்லுங்கள். சார்ஜர் மட்டுமல்ல, ஃபிரிட்ஜும் டிவியும் தப்பிக்கும்.

இரண்டு பின் சார்ஜரில் லேப்டாப் போட்டு, அலுமினிய மேல்மூடியைத் தொட்டால் விரலில் ஊர்வது போல இருக்கும். நிறையப் பேர் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவது இதற்காகத்தான். பெரும்பாலும் இது பழுது அல்ல. இரைச்சலை அடக்க உள்ளே வைத்திருக்கும் ஒய் மின்தேக்கி வழியாகக் கசியும் மின்னோட்டம் அது. 2.2 நானோஃபாரட் என்று வைத்தால் அதிகபட்சம் 0.16 மில்லியாம்பியர், அனுமதிக்கப்பட்ட எல்லையான 0.25-க்கு உள்ளேதான் வரும். ஆடி மாதச் சாரலில் நனைந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றால் நன்றாகவே தெரியும். காலுக்குக் கீழே பாய் போட்டால் போய்விடும். ஊர்வதற்குப் பதில் சுருக்கென்று அடித்தால் அது பழுது, அப்போது உடனே கழற்றிவிடுங்கள்.

உப்பு கடிக்கும் இடம் சி போர்ட். அந்தச் சின்ன வாயில் பின்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. 20 வோல்ட் வரும் பின்னுக்குப் பக்கத்திலேயே, சார்ஜரும் சாதனமும் பேசிக்கொள்ளும் சிசி பின். கடலோர வீட்டு சார்ஜரின் போர்ட்டை உருப்பெருக்கியில் பார்த்தால் அந்த இரண்டுக்கும் நடுவேதான் பச்சையும் கருப்புமாகப் பொருக்கு தெரியும், மற்ற பின்கள் தங்க நிறத்திலேயே இருக்கும். உப்பு ஈரம், மின்னழுத்தம் இரண்டும் சேர்ந்து உலோகத்தைக் கரைத்த தடம் அது. முதல் அறிகுறி, கேபிளைப் புரட்டிப் போட்டால் மட்டும் சார்ஜ் ஏறும். இல்லையென்றால் 'வேகமாகச் சார்ஜ் ஆகிறது' என்று காட்டாமல் 5 வோல்ட்டிலேயே நிற்கும். சுவரிலிருந்து கழற்றி ஒரு மணி நேரம் விட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷால் மெதுவாகத் துடைத்து, மறுபடி ஒரு மணி நேரம் காயவிடுங்கள். ஊசி, குண்டூசி போட்டுக் கிண்டினால் நடுவில் இருக்கும் நாக்கு உடையும். கடற்கரையில் ஈரக்கையோடு எடுத்த போனை அப்படியே சொருகுவதுதான் இந்தப் பொருக்குக்கு முதல் காரணம்.

கேபிளில் ஏமாறுவது எளிது. சாதாரண சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான். 20 வோல்ட்டில் 60 வாட். 65 வாட்டுக்கு 3.25 ஆம்பியர் வேண்டும், அதற்கு உள்ளே அடையாளச் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் அவசியம். அது இல்லையென்றால் சார்ஜர் தானே 60-க்கு இறங்கிவிடும். நட்டம் பெரிதல்ல, ஆனால் சார்ஜர் போலி என்று சண்டை போடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். சாம்சங் போன் வைத்திருப்பவர்கள் லேபிளில் பிபிஎஸ் (மின்னழுத்தத்தைச் சிறு சிறு படியாக மாற்றிக் கொடுக்கும் முறை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது இல்லாமல் 25 வாட் வேகம் வராது. ஒன்பிளஸ், விவோ, ஓப்போ போன்களுக்குத் தங்கள் சொந்த முறை உண்டு. இந்த சார்ஜரில் ஏறும், ஆனால் பெட்டியில் போட்ட முழு வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது போர்ட்டில் எதையாவது சொருகும் நேரத்தில் சார்ஜர் 65-ஐ 45-ம் 20-ம் ஆகப் பிரிக்கும். அதற்காக இரண்டு போர்ட்டையும் ஒரு நொடி அணைத்து மறுபடி பேசும். பேட்டரி உள்ள சாதனத்துக்கு இது ஒன்றுமில்லை. வைஃபை ரூட்டரை இதில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் நெட் அறுந்து ரூட்டர் மறுபடி தொடங்கும். 12 வோல்ட் ரூட்டருக்கு இன்னொரு தொல்லை, சி போர்ட்டில் சார்ஜரும் சாதனமும் பேசி மின்னழுத்தத்தை முடிவு செய்யும் 'பவர் டெலிவரி' (பிடி) முறையில் 12 வோல்ட் கட்டாயம் அல்ல. லேபிளில் 5, 9, 15, 20 மட்டும் இருந்தால் ரூட்டருக்கு வேண்டிய 12 வோல்ட் போகாது.

வள்ளத்துக்கும் விசைப்படகுக்கும் இந்த வகை வேண்டாம். 12 அல்லது 24 வோல்ட் பேட்டரியை இன்வெர்ட்டரில் 230 ஆக்கி, அதைச் சார்ஜர் மறுபடி 9 ஆக்கினால் இரண்டு முறை இழப்பு. சதுர அலை இன்வெர்ட்டரில் சார்ஜர் முனகும், அதன் மின்தேக்கியும் சீக்கிரம் களைக்கும். பேட்டரியிலிருந்து நேராக எடுக்கும் 12-24 வோல்ட் பிடி சார்ஜர் குறைந்த விலையில் கிடைக்கிறது, ரப்பர் மூடியுள்ளதாக வாங்குங்கள். மீடியம் வேவ் வானொலி கேட்கும் வீட்டில் கேன் சார்ஜர் பக்கத்தில் இருந்தால் இரைச்சல் வரும். இரண்டு மீட்டர் தள்ளி, முடிந்தால் வேறு சாக்கெட்டில் வையுங்கள்.

வாங்கும்போது லேபிளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் தர எண்ணும் (பல சார்ஜர்களில் ஐஎஸ் 13252), ஆர்- என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவு, எந்தப் பொருளுக்கு என்று வரும். பெட்டியில் உள்ள பிராண்டோடு அது பொருந்தாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 500 ரூபாய்க்கு '65 வாட் கேன்' என்றால் பெரும்பாலும் மூன்று போர்ட்டின் வாட்டையும் கூட்டிப் போட்ட எண்ணாக இருக்கும். ஒற்றை சி போர்ட்டுக்கு 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று தனி வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். லேப்டாப்பைக் கடைக்கே கொண்டுபோய், பேட்டரி 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது 600 ரூபாய் யூஎஸ்பி மீட்டரை நடுவில் வைத்து 20 நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது. 20 வோல்ட்டில் தொடங்கி, பத்தாவது நிமிடத்தில் 9-க்கோ 5-க்கோ விழுந்தால் உள்ளே சூடு தாங்கவில்லை என்று அர்த்தம்.

செத்துப்போன சார்ஜரை வீட்டில் உடைத்துத் திறக்க வேண்டாம். ஃபியூஸ் போயிருந்தால்கூட உள்ளே இருக்கும் மின்தேக்கி 325 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம். பசை நிரப்பிய போர்டில் உறுப்பு மாற்றுவதும் நடக்கிற காரியமல்ல. ஓராண்டு வாரண்டி உள்ளதாக வாங்கி, பில்லைப் பெட்டியோடு சேர்த்து வையுங்கள். வெப்பத் தாளில் அடித்த பில் ஈரக்காற்றில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.